வேலையை விட்டு நிற்பதும் ராஜினாமாச் செய்வதும்

‘ராஜினாமா’ என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொல் தமிழன்று. பாரசீகத்தின் வழியே வந்து நம் மொழியில் தங்கிவிட்ட சொல். ‘ராஸி’ என்னும் அரபுச் சொல்லுக்கு இசைந்தவர், மனநிறைவு கொண்டவர் என்பது பொருள். ‘நாமா’ என்றால் கடிதம், ஆவணம். வழக்காடிய இருவர் தமக்குள் இசைந்து எழுதிக்கொண்ட சமாதானப் பத்திரத்துக்கு ஒரு காலத்தில் இந்தப் பெயர் வழங்கிற்று. பழைய பம்பாய் மாகாணத்தில் குடியானவர் தம் நிலத்தை மனமொப்பி விட்டுக்கொடுத்து எழுதிய பத்திரத்தையும் ராஜினாமா என்றே அழைத்தனர். ஆக, இது கோபக் கடிதமன்று, இசைவுக் கடிதம்.

பேச்சு வழக்கில் நமக்கு இன்னொரு சொல்லும் உண்டு. “பையன் அந்தக் கடையிலிருந்து நின்னுட்டான்” என்கிறோம். நேற்று வரை போனான்; இன்று போகவில்லை; அவ்வளவுதான். நிற்பதில் ஒருவர் மட்டுமே இருக்கிறார். ராஜினாமாவில் இருவர் இருக்கிறார்கள். இருவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் ராஜினாமாச் செய்வதில்லை, நின்றுவிடுகிறார்கள். அதனால் எவ்வளவு இழக்கிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரிவதில்லை, வீட்டாருக்கும் தெரிவதில்லை.

சிறு வயதில் என்னிடம் ஓதிய பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பின், கடிதம் எழுதி வாங்கிப்போக மாலை வேளைகளில் வருவதுண்டு. மதரஸா ஆசிரியர் பி.ஏ.வும் படித்துவிட்டால் இந்த ஊழியமும் சேர்ந்துகொள்கிறது! அப்படி ஒரு பிப்ரவரி மாதத்தில் ஓர் இளைஞர் வந்தார். பெரிய ஜவுளிக் கடையொன்றில் விற்பனைப் பிரிவில் இருந்தவர்.

“ஹஜ்ரத், நாளையிலிருந்து கடைக்குப் போறதில்லை. ரெண்டு வரி எழுதிக் கொடுங்க, யாரிடமாவது கொடுத்தனுப்பிடறேன்.”

“சேர்ந்து எத்தனை வருஷம் ஆச்சு தம்பி?”

“ஜூன் வந்தா அஞ்சு முடியும் ஹஜ்ரத். அது வரைக்கும் பொறுக்க முடியாது. வேறு இடத்தில் ஏப்ரலில் வரச் சொல்லிட்டாங்க.”

இந்த ‘அஞ்சு முடியும்’ என்பதில்தான் செய்தி இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவர், தாமே விலகினாலும் பணிக்கொடை பெற உரிமையுடையவர். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இதைச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதைச் சொல்கிறது. குறித்த காலத்துக்கென ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டவருக்குப் புதிய சட்டத்தில் ஓர் ஆண்டே போதும். கணக்கு எளிது. கடைசியாகப் பெற்ற மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்குரிய தொகை. அந்த இளைஞரின் ஊதியம் 13,000 ரூபாய். 26ஆல் வகுத்தால் 500. பதினைந்து நாளைக்கு 7,500. ஐந்து ஆண்டுக்கு 37,500 ரூபாய். வீட்டில் தங்கையின் நிக்காஹுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக்கு இது சிறு தொகையன்று.

ஐந்தாம் ஆண்டு முடியவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஐந்தாம் ஆண்டில் 240 நாட்கள் வேலை செய்திருந்தால் அதை முழு ஆண்டாகக் கொள்ளவேண்டும் என்று மேட்டூர் பியர்ட்செல் நிறுவன வழக்கில் 1998இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. புதுச்சேரியும் அந்நீதிமன்றத்தின் எல்லைக்குள் அடங்கியதுதான். வார விடுமுறைகளைக் கழித்து விரல்விட்டு எண்ணினோம். அன்றுவரை 219 நாட்கள் வந்தன. மறுநாள் நின்றிருந்தால் ஒன்றுமில்லை. நியமன ஆணையில் கண்டபடி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து, அந்த மாதம் 26 நாட்களும் உழைத்தால் 245. முறைப்படி விலகியதனாலேயே அவருக்குப் பணிக்கொடை கிடைத்தது. கடை முதலாளியும் முகம் சுளிக்காமல் கொடுத்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஆகவே கடிதம் எழுதப் பேனாவை எடுக்குமுன் நியமன ஆணையை எடுத்துப் படியுங்கள். முன்னறிவிப்பு ஒரு மாதமா, மூன்று மாதமா, அதற்கு ஈடாகச் சம்பளத்தைக் கட்டிவிட்டு முன்னரே போக இடமுண்டா, ஏதேனும் பயிற்சிக் காலப் பிணைப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஆணை எங்கே என்றே தெரியாத வீடுகள் உண்டு. இந்த விஷயத்தில் நம் ஊர்ப் பெரியவர்களிடம் பாடம் கேட்கலாம். புதுச்சேரியில் பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் பெறும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். பாட்டனார் காலத்து முத்திரை பதித்த காகிதம்கூட இரும்புப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கும். ஒரு துண்டுத் தாளுக்கு என்ன விலை என்று இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். பேரப்பிள்ளைகள்தாம் மறந்துவிட்டார்கள்.

அரசுப் பணியில் இருப்போர் இதைவிடப் பன்மடங்கு எச்சரிக்கை கொள்ளவேண்டும். அங்கே ஒரு சொல் வாழ்நாள் உழைப்பை விழுங்கிவிடும். புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளே பொருந்தும். அவ்விதிகளின்படி ராஜினாமாச் செய்தவரின் கடந்த காலப் பணி முழுவதும் கணக்கிலிருந்து அற்றுப்போகும். ‘விருப்ப ஓய்வு’ என்பது வேறு. இருபது ஆண்டுகள் முடித்தவர் மூன்று மாத முன்னறிவிப்புடன் அதைக் கேட்டுப் பெறலாம், ஓய்வூதியமும் உண்டு. இரண்டும் வீட்டுக்குப் போவதுதானே என்று எண்ணிவிடாதீர்கள். டில்லியில் மின் வழங்கல் துறையில் 1990இல் ராஜினாமாச் செய்த கீழ்நிலை ஊழியர் ஒருவர் ஓய்வூதியம் கேட்டு வழக்காடினார். அவர் இருபது ஆண்டுப் பணியை முடித்தாரா இல்லையா என்பதே இங்கு முக்கியமில்லை, அவர் கொடுத்தது ராஜினாமா, ஆகவே முந்தைய பணி கழிந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காத்திருப்பு. ஒரு சொல்லின் விலை அது.

ஓர் அரசுப் பணியிலிருந்து மற்றோர் அரசுப் பணிக்குப் போகிறவருக்கு வழி இருக்கிறது. புதிய பணிக்குத் துறையின் வழியாக விண்ணப்பித்து, முறையான அனுமதி பெற்று, ‘இன்ன அரசுப் பணியில் சேரும்பொருட்டு’ என்று எழுதி விலகினால் பழைய பணிக்காலம் தொடரும். அந்த ஒரு தொடரை எழுதாமல் விட்டவர்களின் அலைச்சலைக் கேட்டால் இரக்கமே மிஞ்சும்.

இனிக் கடிதத்துக்கு வருவோம். ராஜினாமாக் கடிதத்தில் மனக்குறைகளையெல்லாம் கொட்டித் தீர்க்கவேண்டும் என்னும் ஆசை எல்லாருக்கும் உண்டு. நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்து திருத்தித் தரும்படி கேட்டவரும் உண்டு. அவர்களுக்கெல்லாம் நான் எடுத்துக்காட்டுவது சுபாஷ் சந்திர போஸ் எழுதிய கடிதத்தை. ஐ.சி.எஸ். தேர்வில் நான்காவதாக வந்தவர், 24 வயது இளைஞர், 1921 ஏப்ரல் 22 அன்று இந்திய விவகாரச் செயலராயிருந்த மாண்டேகுவுக்கு எழுதினார். பேரரசையே உதறுகிற கடிதம் அது. ஆனால் அதில் ஆவேசம் ஒரு வரிகூட இல்லை. பயிற்சியாளர் பட்டியலிலிருந்து தம் பெயரை நீக்க வேண்டுகிறார். இதுவரை பெற்றுக்கொண்ட உதவித்தொகை 100 பவுன் என்று கணக்குச் சொல்கிறார். ராஜினாமா ஏற்கப்பட்டவுடன் அதைத் திருப்பிச் செலுத்திவிடுவதாக உறுதி கூறுகிறார். காரணங்களை வீட்டாருக்கு எழுதிய கடிதங்களில் விரிவாகச் சொன்னார். அலுவலகத்துக்கு எழுதியதில் சொல்லவில்லை. எதிரி என்று கருதிய அரசிடமும் கணக்கை நேர் செய்துகொண்டே வெளியேறினார்.

நம் ஊரோடு தொடர்புடைய ஒருவரையும் நினைவுகொள்ளலாம். 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரிக்கு வந்திறங்கிய அரவிந்தர், அதற்கு முன் கல்கத்தாவில் வங்காள தேசியக் கல்லூரியின் முதல்வராயிருந்தார். ‘வந்தே மாதரம்’ இதழின்மீது அரசு வழக்குத் தொடுக்கவிருந்த நேரம். தம்மால் கல்லூரிக்கு இடையூறு நேரலாகாது என்று, கைதாவதற்கு முன்பே, 1907 ஆகஸ்டில் பதவி விலகினார். மாணவர்கள் கூடிப் பிரிவுரை கேட்டனர். நிறுவனத்துக்குத் தீங்கு வராத நேரத்தையும் முறையையும் தேர்ந்து விலகுவது என்பது இதுதான். பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் பள்ளியை விட்டுப் போகும் ஆசிரியர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

சாதாரணமானவர்களாகிய நமக்கு இவ்வளவு போதும்:

“ஐயா, தங்கள் நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றிவரும் நான், அப்பணியிலிருந்து விலக முடிவு செய்துள்ளேன். என் நியமன ஆணைப்படி இக்கடிதத்தை ஒரு மாத முன்னறிவிப்பாக ஏற்று, வரும் மாதம் இன்ன தேதி மாலை என்னை விடுவிக்க வேண்டுகிறேன். அதற்குள் என் பொறுப்பிலுள்ள கணக்குகளையும் பொருள்களையும் தாங்கள் குறிப்பிடுபவரிடம் ஒப்படைப்பேன். இதுவரை எனக்களித்த வாய்ப்புக்கு நன்றி.”

கடிதத்தை நீட்டுவதற்கு முன், மேலாளரையோ முதலாளியையோ நேரில் கண்டு வாய்மொழியாகச் சொல்லிவிடுவது மரியாதை. அவர் பிறர் வாயிலாகக் கேள்விப்படும்படி விடலாகாது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிட்டுக் கைப்பேசியை அணைத்துவிடுவது நாகரிகமுமன்று, பாதுகாப்புமன்று. கடிதத்தின் நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பலாம். மின்னஞ்சலும் செல்லும்.

கடைசி நாள் எது என்பதைத் தெளிவாக எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மனிதர் மனம் மாறும். அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா 1977 மே மாதத்தில் ராஜினாமாக் கடிதம் அனுப்பினார். அது ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வரவேண்டியது. ஜூலை 15இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். செல்லுமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குறித்த நாள் வருமுன் திரும்பப் பெற்றது செல்லும் என்று 1978இல் தீர்ப்பாயிற்று. விதிகளோ ஒப்பந்தமோ தடுக்காதபோது நம்மைப் போன்ற ஊழியருக்கும் இந்த நெறி துணையாகும். ‘இன்றே இப்போதே’ என்று எழுதிக் கொடுத்து, அவரும் ‘சரி, ஏற்றேன்’ என்று எழுதிவிட்டால் அப்புறம் திரும்பி வர வாசல் இல்லை. கோபத்தில் எழுதிய கடிதத்தை ஓர் இரவு தலையணைக்கடியில் வைத்திருந்து கொடுப்பது நல்லது.

முன்னறிவிப்பு மாதத்தைக் கடமைக்குக் கழிக்கும் மாதமாகவே பலரும் நினைக்கிறார்கள். ராஜினாமாவின் உண்மையான உரைகல் அந்த மாதந்தான். இங்கே நம் மனத்தில் இயல்பாக எழுவது ஹிஜ்ரத்தின் நிகழ்ச்சி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, அவர்களைக் கொல்லத் துணிந்த ஊரார் பலருடைய பொருள்கள் அவர்களிடம் அமானிதமாக இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வரும்படி ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டே சென்றார்கள். மூன்று நாள் தங்கி ஒவ்வொன்றாகச் சேர்ப்பித்த பிறகே அவர்கள் மதீனாவுக்குப் புறப்பட்டார்கள். உங்களிடமுள்ள கடைச் சாவி, ரொக்கப் பெட்டிக் கணக்கு, வாடிக்கையாளர் பாக்கிப் பட்டியல், கணினியின் கடவுச்சொல், நிறுவனம் தந்த கைப்பேசி, வாங்கிய முன்பணம் ஆகியவையும் அமானிதமே. ஒப்படைத்தவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதி, வாங்கியவரின் கையொப்பமும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒரு பொருள் காணோம் என்று பேச்செழுந்தால் அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும். வாடிக்கையாளர் பட்டியலை நகலெடுத்துக்கொண்டு எதிர்க்கடையில் சேர்வது சாமர்த்தியம் என்று சில பிள்ளைகள் பெருமை பேசக் கேட்டிருக்கிறேன். அதற்கு நான் வேறு பெயர் வைத்திருக்கிறேன்.

அவ்வாறே நிறுவனமும் உங்களுக்குச் சிலவற்றைத் திருப்பித் தரவேண்டும். கொடுத்துவைத்த அசல் சான்றிதழ்கள், விடுவிப்பு ஆணை, அனுபவச் சான்றிதழ், கடைசிச் சம்பளம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம், விலகியவருக்குரிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் வழங்கவேண்டும் என்கிறது. பணிக்கொடைக்கு 30 நாள் தவணை. வருங்கால வைப்பு நிதியை உடனே எடுத்துச் செலவழித்துவிடாதீர்கள். உங்கள் பொதுக் கணக்கு எண்ணைப் புதிய நிறுவனத்தில் கொடுத்து, தொகையை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தம் பத்து ஆண்டுப் பணி சேர்ந்தால்தான் அதில் ஓய்வூதிய உரிமை வரும். ஒவ்வொரு வேலை மாற்றத்திலும் எடுத்துத் தின்றவருக்கு 58ஆம் வயதில் ஒன்றும் மிஞ்சாது.

சகோதரிகளுக்கு ஒரு சொல். ஆசிரியையாக, செவிலியராக, கணினிப் பணியாளராக நம் வீட்டுப் பெண்கள் இன்று பலர் வேலைக்குச் செல்கிறார்கள். கருவுற்றதும் வேலையை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. விடுவதும் தொடர்வதும் அவர்களுடைய விருப்பம். ஆனால் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும். பேறுகாலத்துக்கு முந்திய 12 மாதங்களில் 80 நாட்கள் பணியாற்றியிருந்தால், முதலிரண்டு பேறுகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்பது 2017 முதல் சட்டம். இதை அறியாமல் ஐந்தாம் மாதத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் ஆறு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள். இன்னொன்று: கணவரோ மாமனாரோ எழுதி, கையொப்பம் மட்டும் பெண்ணிடம் வாங்கிய ராஜினாமாக்களையும் நான் கண்டிருக்கிறேன். நிக்காஹுக்கே பெண்ணின் சம்மதம் கேட்கிற நாம், அவள் படித்துத் தேடிய வேலையை விடுவதற்குக் கேட்காதிருப்பது எந்த நியாயம்?

நிறுவனமே ராஜினாமாவைப் பறிப்பதும் உண்டு. வேலையில் சேரும்போதே தேதியிடாத ராஜினாமாக் கடிதத்தில் கையொப்பம் கேட்பார்கள். அல்லது ஒரு நாள் அறைக்குள் அழைத்து, ‘நீயே எழுதிக் கொடுத்துவிடு, இல்லையேல் நீக்கிவிடுவோம்’ என்பார்கள். இசைவில்லாதது ராஸிநாமா ஆகாது. அங்கேயே எழுதாமல், யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வாருங்கள். அச்சுறுத்தலில் எழுதிக் கொடுத்துவிட்டால், அன்றே அல்லது மறுநாளே நடந்ததை எழுதி நிறுவனத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

வளைகுடா நாடுகளில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடுமையான விஷயம். அங்கே சொல்லாமல் நின்றுவிட்டால் ‘ஓடிப்போனவர்’ என்று பதிவாகிவிடும். விசாவும் போகும், மறுபடி நுழைவதும் சிக்கலாகும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிற்சட்டப்படி முன்னறிவிப்பு 30 முதல் 90 நாட்கள் வரை. ஓர் ஆண்டு முடித்தவர் தாமே விலகினாலும், முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேல் 30 நாள் சம்பளமும் பணிக்கொடையாகக் குறைவின்றிப் பெறலாம். சவூதியில் கணக்கு வேறு. தாமாக விலகுகிறவருக்கு இரண்டு ஆண்டுக்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை மூன்றில் ஒரு பங்கு. ஐந்து முதல் பத்து வரை மூன்றில் இரு பங்கு. பத்து முடிந்தால் முழுவதும். ஒன்பதரை ஆண்டில் கோபித்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு இதை வீட்டிலிருந்து யாராவது சொல்லவேண்டும். வீட்டுப் பணியாளர்களுக்கு இரு நாடுகளிலும் தனிச்சட்டம் உண்டு.

கடைசியாக, நம்முடைய சொந்த நிறுவனங்கள். கடைகளையும் கம்பெனிகளையும் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதைப் பேசாதிருப்பது முறையாகாது. நம் பள்ளிவாசல்களிலும் மதரஸாக்களிலும் பணியாற்றுவோரில் எத்தனை பேரிடம் நியமனக் கடிதம் இருக்கிறது? வருகிறபோது வாய்ச்சொல், போகிறபோது மனவருத்தம். பன்னிரண்டு ஆண்டு இமாமத் செய்த ஆலிம் ஒருவர், ஷஃபான் மாதக் கடைசியில் நிர்வாகத்தாருடன் ஏற்பட்ட ஒரு சொற்பூசலால், அறைச் சாவியை முஅத்தினிடம் கொடுத்துவிட்டு மறு பஸ்ஸில் ஊருக்குப் போனதை நானறிவேன். அவருக்கும் அந்த ரமளானில் வருமானமில்லை; ஜமாஅத்தும் தராவீஹுக்கு ஹாபிஸைத் தேடி அலைந்தது. ஒரு மாத முன்னறிவிப்பு என்று இரு தரப்பும் எழுதி வைத்திருந்தால் இருவருக்கும் இந்த நிலை வந்திராது. அந்தக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. பணி இன்னது, சம்பளம் இவ்வளவு, விடுப்பு நாட்கள் இத்தனை, விலகுவதற்கும் விலக்குவதற்கும் முன்னறிவிப்பு இவ்வளவு நாள், ஆண்டுக்கு இவ்வளவு என்று பிரிவுத்தொகை. ரமளானிலும் அதற்கு முந்திய மாதத்திலும் எத்தரப்பும் பிரிவதில்லை என்று ஒரு வரியையும் சேர்த்து, முத்தவல்லியும் இமாமும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளலாம்.